பத்து நிமிஷ ஒத்திகை

சிறையிலிருந்து திரும்பியவர்களுக்காக நிதி திரட்டும் விழா அன்று சாயங்காலம். பன்னிரண்டு வருஷம் உள்ளே இருந்த சவரிமுத்துவின் நினைவுகளை, மாட்டுகிறவர் தாமே வாழ்ந்து பார்க்கும்படி ஒரு தலைக்கவசத்தில் ஏற்றியிருந்தார்கள். இருநூறு விருந்தினர்கள் மாட்டிப் பார்ப்பதற்கு முன் நாமே பார்த்துவிடுவோம் என்று, விழாவை நடத்தும் மிருணாளினி பத்து நிமிஷம் மாட்டிக்கொண்டாள்.

கழற்றியதும் பசித்தது. சாப்பிடக் கிளம்பியவள் அறைக்கதவின் முன்னால் நின்றுவிட்டாள். கதவு பூட்டியிருக்கவில்லை, கைப்பிடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் கை எழவில்லை. எதற்காக நிற்கிறோம் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

"கதவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மேடம். யாராவது வந்து திறப்பாங்க," என்றார் அவளுக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல் நின்ற சவரிமுத்து.

"இது எப்ப சரியாகும்?"

"தெரியல மேடம். நான் வெளிய வந்தே நாலு வருஷம் ஆச்சு."