சேஸியும் சம்பந்தமும்

"சம்பந்தம் பேச வந்தீங்களா, சட்டையைக் காட்ட வந்தீங்களா டாக்டர்?"

பல் டாக்டர் குனிந்து தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டார். இஸ்திரி மடிப்பு கலையக் கூடாதென்று பஸ்ஸில் காலி சீட்டு இருந்தும் நின்றுகொண்டே வந்திருந்தார்.

"பேசத்தான் வந்தேன்."

"அப்ப கீழே படுங்க. வேலை செஞ்சுக்கிட்டே பேசலாம்."

சொன்னவர் பஸ் கட்டும் பட்டறையில் தலைமை வெல்டர். விடுமுறை நாள் முழுக்க வீட்டு ஷெட்டில் இந்தக் காரோடுதான் குடித்தனம். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்.

"அப்பா போனதுக்கப்புறம் இந்த வீட்டுக்குப் பெரியவன் நான்தான்," என்றார் வெல்டர். "நான் சரின்னா சரி. இல்லைன்னா இல்லை."

அது டாக்டருக்கும் தெரியும். வெல்டர் தலையாட்டாமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அவள் கறாராகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பல் வலி என்று டாக்டரிடம் வந்தவள் அவள். வலி போன பிறகும் வந்தாள். ஒரு வாரம் வராமலிருந்தபோது டாக்டருக்கு வலித்தது.

வெல்டர் ஜாக்கியை வைத்துக் காரின் முன்பக்க மூலையை மட்டும் தூக்கினார். "இப்ப கதவைத் திறங்க பாப்போம்."

டாக்டர் இழுத்தார். கதவு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

"பாத்தீங்களா? மேல கூரை இல்ல. மூடி எடுத்த அட்டைப்பெட்டி மாதிரி உடம்பே முறுக்கிக்குது. ரோட்டுல ஒரு பள்ளம் வந்தா ஸ்டியரிங் வரைக்கும் நடுங்குது. அடியில சேஸிக்கு ரெண்டு பக்கமும் நீளமா இரும்புச் சட்டம் வச்சு, நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்குச் சட்டம் கொடுத்து வெல்டு பண்ணிட்டா அசையாது."

காரைச் சமமாகத் தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு வெல்டர் அடியில் புகுந்தார். டாக்டரும் மண்டியிட்டுப் புகுந்தார். மளுக்கென்று ஒரு சத்தம்.

"காரா, உங்க முட்டியா?"

"முட்டிதான். கார் நல்லாத்தான் இருக்கு."

"இந்தச் சட்டத்தைப் பிடிங்க. ஆடக் கூடாது. கோபம் வருமா உங்களுக்கு?"

"விரலைக் கடிச்சா வரும்."

"சமைப்பீங்களா?"

"சமைப்பேன். சாப்பிடறவங்க பாடுதான்."

"குறட்டை?"

"தனிக்கட்டை நான். யாரு வந்து சொல்றது?"

வெல்டர் சிரிக்கவில்லை. சட்டத்தை இன்னொரு முறை அளந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த வீட்ல ஒரு தடவை அழுது தீர்த்தாச்சு டாக்டர். இன்னொரு தடவை அதைப் பாக்க என்னால ஆகாது."

அழ விடமாட்டேன் என்று சொல்ல டாக்டர் வாயைத் திறந்தார். வாய்க்குள் பொலபொலவென்று துரு விழுந்தது.

துப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தார். வெல்டர் சட்டத்தைப் பொருத்த இருந்த இடம் பளபளவென்று இருந்தது. டாக்டர் ஸ்பானரால் அங்கே தட்டினார். ஒரு சாண் தள்ளியும் தட்டினார்.

"இங்க சத்தம் வேற மாதிரி வருது."

"நல்ல இரும்பு அது. போன வருஷம்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"சொத்தைப் பல்லும் வெளிய வெள்ளையாத்தான் இருக்கும்."

வெல்டர் முறைத்தார். ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் குத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போனது.

வெல்டர் அதை உருவி, நுனியில் ஒட்டியிருந்த துருவைப் பார்த்தார்.

"இதுமேல வெல்டு வச்சிருந்தா சட்டம் நின்னிருக்கும், அது பிடிச்சிருக்கிற இடம் பிச்சுக்கிட்டு வந்திருக்கும்," என்றார்.

"சொன்னா கோச்சுக்குவீங்களோன்னு பயந்தேன்."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"இதுல யாரெல்லாம் உட்காருவாங்கன்னு நினைச்சுப் பாத்தேன்."

அதற்குப் பிறகு கேள்வி எதுவும் வரவில்லை. சொத்தையை முழுசாக வெட்டி எடுத்தார்கள். புதுத் தகடு வைத்து வெல்டு செய்தார்கள். அதன்மேல் சட்டங்கள் ஏறின. டாக்டர் முகக்கவசத்தைப் பிடித்துக்கொண்டு தீப்பொறியைப் பார்த்தபடி கிடந்தார். சமையலறை ஜன்னலில் அவள் முகம் நாலைந்து முறை எட்டிப் பார்த்து மறைந்தது. வெள்ளைச் சட்டை இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் போயிருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் வெல்டர் மறுபடி காரை ஒரு மூலையில் தூக்கினார். "எங்க, இப்ப திறங்க."

டாக்டர் ஒரே விரலால் இழுத்தார். கதவு வழுக்கிக்கொண்டு திறந்தது. தள்ளினார். டப்பென்று கச்சிதமாக மூடிக்கொண்டது. வெல்டர் தானும் நாலு முறை திறந்து மூடிப் பார்த்தார். சின்னப் பிள்ளை மாதிரி ஐந்தாவது முறையும்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, டாக்டரின் தோளில் ஒட்டியிருந்த துருவையும் தட்டிவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அம்மா, உங்களை டாக்டருக்குக் கட்டிக்கொடுக்க எனக்குச் சம்மதம். அவரை அப்பான்னு கூப்பிட மட்டும் கொஞ்சம் டைம் கொடுங்க."