கணக்குப்பிள்ளையின் ஜெபம்

“கர்த்தர்கிட்ட ஞானம் கேப்போம். எல்லாரும் கண்ண மூடுங்க” என்றார் ஞானாபரணம்.

செல்லக்கனிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டின புருஷன் என்றும் பாராமல் நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இருந்தது.

எஸ்டேட் ஆபீஸ் வாசலில் பூமாரி கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். அவள் புருஷன் தலைமாட்டில் குந்தியிருந்தான். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். சாந்தன்பாறையிலிருந்து இனி பஸ் காலையில்தான்.

எதிரே எஸ்டேட் ஜீப் நின்றது. டிரைவர் ராக்கப்பனும் நின்றான். சாவி மட்டும் இந்த மனுஷனின் பையில் இருந்தது.

இவருக்கு இப்போது ஞானம் வேண்டுமாம்.

லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்களுக்கு ஜீப் கிடையாது என்பது மேனேஜர் துரையின் உத்தரவு. நாலு மணிக்குத் துரை மூணாறு கிளப்புக்குப் போக வேண்டும். அதைச் சொல்லத்தான் பங்களா பட்லர் ஈஸ்வரமூர்த்தி வந்திருந்தான். லயத்தில் ஒருத்தி தும்மினாலும் துரை காதில் போடுகிறவன். எமர்ஜென்சி வந்ததிலிருந்து சங்கத்து ஆட்களும் வாய் திறப்பதில்லை. வாய் திறக்க வேண்டியவர் கணக்குப்பிள்ளை. அவரோ ஜெபத்துக்கு மட்டும்தான் வாய் திறப்பார்.

கல்யாணமான நாளிலிருந்து இதே கூத்துதான். கருவாடு வாங்கவும் ஜெபம், கூரைத் தகரம் மாற்றவும் ஜெபம். தகரத்துக்கு ஜெபித்து முடிப்பதற்குள் அந்த வருஷத்து மழையே ஓய்ந்துவிட்டது.

போன மாசம் ஸ்டோரில் ஒரு மூட்டை அரிசி காணாமல் போயிற்று. அப்போதும் ஐயா ஸ்டோர் வாசலில் மண்டியிட்டுத்தான் இருந்தாராம். இந்த மனுஷன் கண்ணை மூடினால் எஸ்டேட்டையே பெயர்த்துக்கொண்டு போகலாம் என்று லயத்தில் பேச்சு.

சபையில் மூப்பர், எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. இருந்தென்ன? துரைக்கு எதிரே ஒரு சொல் பேசியதில்லை. கேட்டால் தேவ சித்தம் என்பார். தேவ சித்தம் எப்படித்தான் ஒவ்வொரு தடவையும் துரையின் சித்தத்தோடு ஒத்துப்போகிறதோ என்று செல்லக்கனி அவர் முகத்துக்கு நேராகவே சிரித்திருக்கிறாள்.

ஞானாபரணம் மண்டியிட்டார். சாவி தொடையில் குத்தியது போலும். எடுத்துப் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

பட்லரும் பக்கத்தில் மண்டியிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடினான். யார் சாமியானாலும் சாமிதானே.

ஜெபம் உலகத்தை உண்டாக்கியதிலிருந்து தொடங்கியது. வானத்துக்கு ஸ்தோத்திரம், பூமிக்கு ஸ்தோத்திரம். இவர் சமுத்திரத்துக்கு வந்து சேர்வதற்குள் பூமாரியின் உயிர் போய்விடும்.

செல்லக்கனி சாவியை எடுத்தாள். நேராகப் போய் ராக்கப்பன் கையில் திணித்தாள்.

“கொண்டுட்டுப் போ. கேட்டா, கணக்குப்பிள்ள சம்சாரம் சாவி தந்தான்னு சொல்லு.”

மருத்துவச்சியும் புருஷனுமாகப் பூமாரியைக் கம்பளியோடு தூக்கி ஏற்றினார்கள். அவள் வலி தாங்காமல் முனகினாள். அந்த நேரம் பார்த்து ஞானாபரணம் குரலை உயர்த்திச் சமுத்திரத்து மீன்களுக்கு ஸ்தோத்திரம் சொன்னார். ராக்கப்பன் இன்ஜினைப் போடாமல் ஜீப்பைச் சரிவில் உருட்டிவிட்டான்.

கீழே வளைவில் இன்ஜின் உறுமியது.

பட்லர் தலையைத் தூக்கப் பார்த்தான். ஞானாபரணத்தின் கை சரியாக அவன் உச்சந்தலையில் வந்து உட்கார்ந்தது. தலையை அமுக்கிப் பிடித்தபடி, ஈஸ்வரமூர்த்தியின் பெண்டாட்டிக்காகவும், பிள்ளைகளின் படிப்புக்காகவும், ஊரில் நிற்கும் மாடுகன்றுகளுக்காகவும் கர்த்தரிடம் மன்றாட ஆரம்பித்தார்.

ஜீப் போகிற சத்தம்கூடக் காதில் விழாத ஜெபம். இந்த லட்சணத்தில் கோள்சொல்லிக்கு ஆசீர்வாதம் வேறு. செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜீப் எஸ்டேட் கேட்டைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறியது. சத்தம் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் ஒன்றும் கேட்காமல் போயிற்று.

“ஆமென்” என்றார் ஞானாபரணம்.

எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். பெஞ்சைப் பார்க்கவில்லை. ஜீப் நின்ற இடத்தையும் பார்க்கவில்லை. பூமாரி எங்கே என்று கேட்கவும் இல்லை.

செல்லக்கனிக்கு ஸ்டோரில் காணாமல் போன அரிசி மூட்டை ஞாபகம் வந்தது.

பட்லர் ஓடிப்போய்ச் சொல்ல, துரையே இறங்கி வந்துவிட்டார். ஜீப் எங்கே, சாவியை எடுத்தது யார் என்று கத்தினார்.

“கண்ண மூடி ஜெபத்துல இருந்தேன், தொர. ஒண்ணையும் பாக்கல.”

கணக்குப்பிள்ளை பொய் சொல்லமாட்டார் என்பது துரைக்கும் தெரியும்.

“நாந்தான் எடுத்தேன்” என்றாள் செல்லக்கனி.

துரை அவளைப் பார்த்தார். செக்ரோல் என்கிற கூலிப் பதிவில் பெயர் இல்லாதவளை வேலையிலிருந்து நிறுத்த வழியில்லை. அப்புறம் அவள் புருஷனைப் பார்த்தார். மூக்குக்கு முன்னால் பெண்டாட்டி சாவியை எடுத்துக்கொண்டு போக, இந்த ஆள் சமுத்திரத்து மீன்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். கிளப்பில் சொல்ல இதைவிட நல்ல கதை கிடைக்காது.

துரைக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்லரும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு அவருக்குப் பழக்கம்.

அது எங்கே பழகியது என்று செல்லக்கனிக்குத் தெரியும். இத்தனை வருஷமாக வீட்டில் அவள் சிரித்த சிரிப்பு அது.