பூசணத்துக்கு யார் பொறுப்பு

சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, வீட்டுக்கார அம்மா குளியலறைக்குள் அண்ணாந்து நின்றார்.

வாடகைக்கு இருக்கும் அவன் வாசலில் நின்றான். குற்றவாளியைப் போல அல்ல, புகார் கொடுத்தவனைப் போல. அப்படி நிற்பதற்குக் காலையிலிருந்து பழகியிருந்தான்.

மூலையில் தொடங்கிய கரும்பூசணம், மழைக்காலம் முடிவதற்குள் பாதிச் சுவரைப் பிடித்திருந்தது. அந்த வீட்டில் அவனைவிட அதுதான் சௌகரியமாகக் குடியிருந்தது.

“மேலருந்து ஓதம் இறங்குதும்மா. சுவர நீங்கதான் பாக்கணும்.”

அவர் சாவிக்கொத்தால் சுரண்டினார். எட்டிய மட்டும் சுவரைத் தடவிப் பார்த்தார்.

“மேல காஞ்சுதான கெடக்கு?”

பிறகு சன்னலைப் பார்த்தார். கொக்கி துருவேறி இறுகிக் கிடந்தது.

“இத என்னைக்காவது தெறந்திருக்கீங்களா தம்பி? வெந்நீர் ஆவி எங்கிட்டுப் போகும்?”

திறந்ததில்லை.

சன்னலுக்கு வெளியே சந்து. சந்தில் துவைக்கிற கல். அவன் குளிக்கிற நேரம்தான் வீட்டுக்கார அம்மா அங்கே துவைக்கிற நேரம்.

அவன் குளிக்கும்போது பாடுவான்.

நன்றாகப் பாடுகிறாய் என்று யாரும் சொன்னதில்லை. கல்லூரி விழாவில் பாடிக்கொண்டிருந்தபோது ஒருமுறை மின்சாரம் போனது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து, கதவும் சன்னலும் சாத்திய இடத்தில் மட்டும்தான் பாட்டு.

இதைச் சொன்னால் வழக்கு இப்போதே தீர்ந்துவிடும். அவன் தோற்று.

“தூசி வருதும்மா,” என்றான்.

“தூசியா?”

“சரிம்மா. சுரண்டி வெள்ளையடிக்கிறத நானே பாத்துக்கறேன்.”

சுவரை விட்டுக்கொடுத்து மானத்தைக் காப்பாற்றிக்கொண்டான். மலிவுதான் என்று பட்டது.

அவர் படியிறங்கிச் செருப்பை மாட்டினார். போனவர் நின்றார்.

“ஆள நான் வரச் சொல்றேன். சுவர் என் பொறுப்பு. சன்னல் உங்க பொறுப்பு.”

தலையாட்டினான்.

“மூடிட்டா மட்டும் கேக்காமயா இருக்கு?”

அவனுக்குக் காது சூடேறியது.

“அதென்ன, தெனமும் பல்லவியோடயே நிறுத்திடுறீங்க? மிச்சத் துணிய நான் எத வச்சு அலசுறது?”

•

தேங்காயெண்ணெய் விட்டதும் கொக்கி இளகியது.

காலை வெயில் உள்ளே வந்து, புது வெள்ளையில் பட்டு, வாளித் தண்ணீரில் ஆடியது.

தொண்டையைச் செருமிக்கொண்டான். முதலில் சோப்போடு பேசுவதுபோல. பிறகு கொஞ்சம் சத்தமாக.

பல்லவி முடிந்தது.

கல்லில் துணி அடிக்கும் சத்தம் நின்றது.

செம்பும் கையுமாக நின்றான். இத்தனை வருடங்களில் அவன் சரணம் கற்றுக்கொண்டதே இல்லை.

சந்திலிருந்து ஒரு குரல், தயங்கித் தயங்கி, அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தது.

அதுவும் சுருதி சேரவில்லை.