சுவரில் மாட்டிய பட்டம்

"ஏன் தம்பி, ஒரு படிப்புக்கு இவ்வளவு சல்லி?"

ஒஸ்வால்ட் அங்கிள் கட்டணத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

எங்கள் தனியார் கல்லூரியின் சேர்க்கை மேசையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் இதைக் கேட்கிறார்கள். பதில் எனக்குத் தூக்கத்திலும் வரும். பட்டம் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தினுடையது. அவர்களுக்கு ஸ்டேர்லிங் பவுணில் கட்ட வேண்டும். பவுண் ஏறினால் நாங்களும் ஏற்றுவோம். பிறகு வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி நாலு மாடிக்கு வாடகை. ஏசி. விரிவுரையாளர்கள்.

விரிவுரையாளர்களுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்வதில்லை.

அவர் கொட்டாஞ்சேனைக்காரர். துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டிவிட்டுப் போன மாதம்தான் ஓய்வு பெற்றிருக்கிறார். கிடைத்த பணம் அப்படியே வங்கியில் இருக்கிறதாம். அதைத் தவிர வீட்டில் வேறு ஒன்றும் இல்லையாம். கதிரையில் உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார். இப்படி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும்.

பக்கத்தில் மகள் நதீஷா. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்திலும் நல்ல சித்தி. ஆனால் வெட்டுப்புள்ளிக்கு மயிரிழை குறைவு, அரசாங்கப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது நீங்கதானே, அண்ணா?"

"ஓம்."

கறுப்பு அங்கி, தொப்பி, கையில் சிவப்பு நாடா கட்டிய சுருள். பக்கத்தில் அம்மா அழுதபடி சிரிக்கிறார். விளம்பரப் பகுதியினர் அதைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள்.

ஒஸ்வால்ட் அங்கிள் எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"இங்கையே படிச்சு, இங்கையே வேலையும் எடுத்திருக்கீங்க. பிறகென்ன!"

சொல்லியிருக்கலாம். யோசித்துவிட்டு வாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் எனக்குக் களைப்பாக இருந்தது.

பேனையை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர்கள் போன பிறகு, படிவத்தை வைக்க இரும்பு அலுமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், சாவி மேலிடத்தில் இருக்கும் பெட்டிக்குள், என்னுடைய சான்றிதழ் கிடக்கிறது, மூன்று வருடமாக. கடைசித் தவணை கட்டாதவர்களுக்கு மேடையில் வெற்றுத் தாளைத்தான் சுருட்டிக் கொடுப்பார்கள். படத்தில் வித்தியாசம் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

சான்றிதழ் இல்லாமல் வேறு எங்கே போய் வேலை கேட்பது? இந்தக் கல்லூரி மட்டும்தான் அதைக் காட்டச் சொல்லவில்லை.

ஒரு பிள்ளையைச் சேர்த்துக் கொடுத்தால் என் தவணையில் கொஞ்சம் கழிப்பார்கள்.

நதீஷா ஒன்பதாவது. இன்னும் நாலு பேர் வேண்டும்.