பாஸ் மார்க்

கல்யாணமான நாளிலிருந்து காலைக் காபியோடு இங்கிலீஷ் டீச்சர் தன் கணவருக்குப் பாடமும் நடத்திவிடுவாள்.

"'பீஸ் ஆஃப் கேக்'னா என்ன அர்த்தம்?"

"கேக் துண்டு," என்றார் பஸ் டிரைவரான கணவர்.

"சரியான மரமண்டைங்க நீங்க! ரொம்பச் சுலபம்னு அர்த்தம்."

திட்டு வாங்கியதும் அவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"சரி, 'அண்டர் த வெதர்'னா?"

"மழையில நனையறது."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் யோசித்தாள். பிறகு கைதட்டினாள்.

"சபாஷ்! சரியாச் சொல்லிட்டீங்களே!"

உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அது அவருக்குத் தெரியும். அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அவள் திருத்துகிறாளா என்று பார்க்கத்தான் தினமும் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி வந்தார்.

"என்னங்க இது," என்றாள் டீச்சர். "பாஸானதுக்கு யாராவது அழுவாங்களா?"