யோகேஷின் இன்டர்வியூ

“இன்டர்வியூன்னு சொல்லிட்டு இப்பிடியா ஒக்காந்துக்கினு கீறீங்க? சட்டையப் போடுங்க.”

ஹரிதா இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள். லுங்கி பனியனும் இரண்டு நாள் தாடியுமாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்த யோகேஷ் அதை வாங்கவில்லை.

“வேணாம். என் மூஞ்சிய எவன் பாக்கப் போறான்?”

வேலை போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. பதினேழு வருட சாஃப்ட்வேர் அனுபவம். அதுவே இப்போது வினையாகிவிட்டது. ‘உங்கள் அனுபவம் எங்களுக்கு அதிகம்’ என்று சில கம்பெனிகள் பதில் போட்டன, மற்றவை அதுகூடப் போடவில்லை. பெங்களூரைக் காலி செய்துவிட்டுத் திருப்பதியில் இந்தச் சின்ன வீட்டுக்கு வந்ததிலிருந்து மனிதன் சிரிப்பதையே விட்டுவிட்டான்.

“அண்ணன் மறுபடி போன் பண்ணாரு. கங்காதர நெல்லூர் இஸ்கூல்ல கம்ப்யூட்டர் வாத்தியார் வேல இன்னும் காலியாத்தான் கீதாம். வர்றீங்களா இல்லையான்னு இன்னிக்கே சொல்லணுமாம். இன்னொருத்தர் வந்து காத்துக்கினு கீறாராம்.”

“இது முடியட்டும். வெளிய வந்து சொல்றேன்.”

“சரின்னு சொல்லிட்டாதான் இன்னா? வீட்ல சும்மா...”

“முடியட்டும்னேன் இல்ல.” கதவைச் சாத்திக்கொண்டான்.

ஹரிதா நகரவில்லை. கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலத்தில் கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு கேள்விக்குக்கூட அவன் தடுமாறவில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. பழைய யோகேஷின் குரல் அது. கேட்டு எத்தனை நாளாயிற்று.

“கடைசிக் கேள்வி. போகப் போக மேனேஜர் ஆவதில் விருப்பமா, இல்லை டெக்னிக்கலாகவே இருப்பீர்களா?”

ஹரிதா காதைக் கதவோடு இன்னும் அழுத்தினாள். பழைய கம்பெனியிலும் இதைத்தான் கேட்டார்கள். மேனேஜர் என்றவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறேன் என்று சொன்ன இவன்தான் வீட்டில் இருக்கிறான்.

“மேனேஜர்னு சொல்லித் தொலைங்களேன்” என்று கதவைப் பார்த்து முணுமுணுத்தாள்.

கோடு எழுதத்தான் வந்தேன், முடிகிறவரை அதையே எழுத வேண்டும், வேறு எதிலும் எனக்கு ஆசையில்லை என்றான் அவன். சொல்லும்போது குரல் உடைந்தது.

எதிர்முனையில் ஒரு சிரிப்பு. “இப்படி ஒருவரைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். வாழ்த்துகள். ஒன்றாம் தேதி சேர்ந்துவிடுங்கள்.”

ஹரிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் வந்து சொல்லட்டும் என்று காத்திருக்க அவளால் முடியவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் கதவு திறந்தது. யோகேஷ் முகத்தில் சந்தோஷத்தின் அடையாளமே இல்லை. பேசிப் பேசிக் களைத்துவிட்டான் என்று அவள் நினைத்தாள்.

“அண்ணனுக்குப் போன் போடு. நான் வர்றேன்னு சொல்லு” என்றான்.

“எங்க வர்றீங்க? நான் அப்பவே பேசிட்டேன். இவருக்குப் பெரிய கம்பெனில கெடச்சிடுச்சி, அத வேற யாருக்கனா குடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன். காத்துக்கினு இருந்தாரே, அவரையே சேத்துக்கினாங்களாம்.”

யோகேஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். அவளுக்குச் சிரிப்பு போய்விட்டது.

“இன்னாங்க ஆச்சு? நான்தான் காதால கேட்டேனே, உங்களத்தான எடுத்துக்கினாங்க?”

“எனக்கில்ல ஹரிதா. கேமரா முன்னால சித்தூர்ல ஒருத்தன் வாயசைச்சான், காசுக்கு நான் இங்கருந்து அவனுக்காகப் பேசினேன். வேல அவனுக்கு.”