காட்டுத் தேவதைக்கு ஒரு முகம்

அன்று வெளியே மழை பெய்ததா, டான்யூப் ஆற்றிலிருந்து மூடுபனி ஏறி வந்ததா என்று இப்போது சரியாக நினைவில்லை. சீட்டுப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன்பு யாவோர் மண்டபத்துக் கழிவறையைத் தாழிட்டுக்கொண்டு, தன் சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினான் என்பது மட்டும் நிச்சயம்.

அது கள்ள ஆட்டம் அல்ல. ஆட்டத்துக்கு ஆட்டம் சீட்டு மாற்றிக்கொள்ள விதியில் இடம் உண்டு. ஆனாலும் தாழ் விழுந்திருக்கிறதா என்று அவன் மறுபடி பார்த்துக்கொண்டான்.

செருகிய சீட்டின் பெயர் 'இரும்பு நாகம்'. 'கருவனம்' விளையாட்டில் முன்பெல்லாம் அரசர்களும் சூனியக்காரிகளும் காட்டுத் தேவதைகளும்தான் இருந்தார்கள். பிறகு அதை வெளியிடும் கம்பெனி ராக்கெட்டையும் ரோபோவையும் காட்டுக்குள் இறக்கிவிட்டது. சூனியக்காரிக்கு ரேடார் முளைத்தது.

ரூசே நகரத்தில் அதை முதலில் வெறுத்தவள் யாவோரின் மனைவி நெவேனா. "இது காடா, பழைய இரும்புக் கடையா?" என்று கேட்டவள், கணவனிடமும் அவன் நண்பன் ராதோயிடமும் சத்தியம் வாங்கினாள். சாகும்வரை மூவரும் இயந்திரச் சீட்டைத் தொடக்கூடாது. அவளைப் பொறுத்தவரை சத்தியம் நிறைவேறிவிட்டது. அவளைப் புதைத்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

யாவோரின் சட்டைப் பையில் அவளுடைய புகைப்படம் இருந்தது. போட்டியில் ஜெயிப்பவர் கொடுக்கும் முகத்தைக் கம்பெனி வெளியிடும் அடுத்த சீட்டுத் தொகுப்பில் ஒரு சீட்டில் வரைவார்கள். அதுதான் பரிசு. முன்பின் தெரியாதவர்கள் கையிலெல்லாம் அவள் காட்டுத் தேவதையாக இருப்பாள். யாரோடும் பேசாமல் கழிந்த மாலைகளில் அவன் நினைத்துக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

அவன் மண்டபத்துக்குத் திரும்பியபோது, கம்பெனியிலிருந்து வந்திருந்த ரலித்சா மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். "காடா, இயந்திரமான்னு இனிமே நாங்க முடிவு பண்ணப்போறதில்ல. இந்தக் கடைசி ஆட்டத்தை எந்தச் சீட்டு முடிக்குதோ, அந்தப் பக்கம்தான் அடுத்த தொகுப்பு!"

எல்லோரும் கைதட்டினார்கள். யாவோரின் காதில் பாதிதான் விழுந்தது. சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய் உட்கார்ந்தான்.

எதிரே ராதோய் பனித்சா பலகாரத்தை மென்றுகொண்டிருந்தான். மேசையெல்லாம் பாலாடைக்கட்டித் துகள்.

"வாடா மச்சான். கழிவறையில உக்காந்து அழுதுட்டு வந்தியா?"

"வயிறு சரியில்ல."

"என்னைப் பாத்தாலே எல்லாருக்கும் வயிறு கலங்கும். நான் ஜெயிச்சா என் மூக்கை வரைய ரெண்டு சீட்டை ஒட்டணும்னு அந்தப் பொண்ணுகிட்ட இப்பவே சொல்லி வெச்சுட்டேன்."

யாவோர் சிரிக்கவில்லை. புகைப்படத்தைக் காட்டி, இவளுக்காக விட்டுக்கொடு என்று கேட்டிருந்தால் ராதோய் அந்த நொடியே சீட்டுகளைக் கவிழ்த்திருப்பான். கேட்க வாய் வரவில்லை. நெவேனா போன பிறகு யாவோருக்கு யாரிடமும் எதையும் கேட்க வாய் வந்ததில்லை.

ஆட்டம் நீண்டது. ராதோயின் வன அரசன், யாவோரின் கோட்டைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்தான். வேடிக்கை பார்ப்பவர்கள் மேசையை நெருங்கி வந்து நின்றார்கள்.

"முடிஞ்சுதுடா. அடுத்த தடவை நான் சீட்டு வெச்சா நீ வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றான் ராதோய்.

யாவோர் இரும்பு நாகத்தை மேசையில் வைத்தான். வன அரசன் எரிந்தான். ஆட்டமும் முடிந்தது.

ராதோய் அந்தச் சீட்டைத் தொடாமல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான்.

"இதுக்கு நீ கள்ளச் சீட்டு ஆடியிருக்கலாம்டா."

"ராதோய், அதுக்கு ஒரு காரணம்..."

"அவ இருந்திருந்தா உன் மூஞ்சில காறித் துப்பியிருப்பா."

தன் சீட்டுக்கட்டை மேசையிலேயே விட்டுவிட்டு அவன் எழுந்து போனான். பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ராதோய் வார்னா நகரத்துக்குக் குடிபோய்விட்டான். யாவோர் இன்றும் ரூசேயில்தான் இருக்கிறான், சீட்டைத் தொடுவதில்லை.

ஆனால் அந்த நேரத்தில் நண்பன் போனதுகூட அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. நேராக ரலித்சாவிடம் போய்ப் புகைப்படத்தை நீட்டினான்.

"அழகா இருக்காங்களே. யாருங்க?"

"என் மனைவி. இப்ப இல்ல. காட்டுத் தேவதையா வரையணும். தலையைப் பின்ன வேண்டாம், இதுல இருக்கற மாதிரியே முடியை விரிச்சு விடச் சொல்லுங்க."

ரலித்சா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் மைக்குல சொன்னதை நீங்க கேக்கலியா?"

"எதை?"

"நீங்க ஆட்டத்தை முடிச்சது இயந்திரச் சீட்டால. அடுத்த தொகுப்புல காடு கிடையாதுங்க. தேவதையும் கிடையாது, மனுஷ முகமே கிடையாது. முழுக்க இரும்புதான்."

யாவோர் நீட்டிய கையை மடக்காமல் நின்றான். பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவனை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கும் மனம் வரவில்லை. படத்தை வாங்கிப் பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, உண்மையான பரிவோடு கேட்டாள்:

"இவங்க பேரை வேணா ஒரு இயந்திரத்துக்கு வெச்சுடலாமா?"